ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஒரு நிறுத்தம்

புகையை விட்ட மூன்றாம் நாள், காலை 9:40. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தேன். அந்தச் சத்தம் அடங்கிய நொடியிலேயே வாய் நமநமவென்று ஆரம்பித்துவிட்டது. எதிரே பெட்டிக்கடை. கடைத் தூணில் தொங்கும் தேங்காய்நார்க் கயிற்றின் நுனி கனன்றுகொண்டிருந்தது. யாரோ ஒருவர் அதைக் கையில் பிடித்து ஊதி, கங்கு சிவந்ததும் சிகரெட் நுனியில் வைத்து இழுத்தார். இழுத்தது அவர், தொண்டை இறுகியது எனக்கு. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. தென்காசியிலிருந்து கிளம்பி பாவூர்சத்திரம், ஆலங்குளம், சீதபற்பநல்லூர், பேட்டை என்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வந்திருக்கிறேன். வழி நெடுகப் புகை நினைவே இல்லை. என்ஜின் நின்றதும் வந்து நிற்கிறது. உடம்பில் நிகோடின் குறைந்ததுதான் ஒரே காரணம் என்றால், வழியிலேயே வந்திருக்க வேண்டும் அல்லவா?

நான் அரசு பஸ் ஓட்டுநர். 19 வயதில் லாரியில் கிளீனராகப் போனபோது பழகிய புகை 23 வருடம் கூடவே வந்தது. ஒரு நாளைக்கு 14 சிகரெட். மாதக் கடைசியில் கை வறண்டால் பீடி. 2019 ஜனவரி 18, பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை, விட்டேன். அதற்கு முன் நான்கு முறை விட்டிருக்கிறேன். அதில் அதிகம் தாங்கியது 11 நாள். ஐந்தாவது முறை நின்றுவிட்டது. அந்த நான்கு முறையும் எனக்கு மன உறுதி குறைவாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. தவிப்பு வரும் நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன், அவ்வளவுதான். ஏன் விட வேண்டும் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. விட்ட பிறகு வரும் அந்தத் தவிப்பைத் தாண்டுவது எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் நான் பார்த்த மருத்துவரிடம் இந்த என்ஜின் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். இஸ்ரேலில் புகைப்பழக்கம் உள்ள விமானப் பணியாளர்களை வைத்துச் செய்தது, 2010இல் வெளியானது. மூன்று முதல் ஐந்து மணி நேரப் பயணத்திலும், பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்திலும் அவர்களுக்குத் தவிப்பு எப்போது ஏறுகிறது என்று கேட்டுக் குறித்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் புகைக்காமல் இருந்தார்கள் என்பதைவிட, விமானம் இறங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே தவிப்பு ஏறியிருக்கிறது. பத்து மணி நேரம் பறந்தாலும் இறங்கும் நேரத்தில்தான் உச்சம். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் வண்டிக்கும் அந்த விமானத்துக்கும் ஒரே கதை.

விடும் முன்பே அரைகுறையாகத் தெரிந்திருந்த ஒன்று இதில் எனக்குத் தெளிவானது: ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஒரு நிறுத்தம் இருக்கிறது. ஓர் இடம், ஒரு நேரம், ஒரு முகம், ஒரு வாசனை. எங்கே நிற்கும் என்று தெரிந்துவிட்டால், அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே தயாராகிவிடலாம்.

எனவே முதல் வேலை, விடுவதற்கு முன் ஒரு வாரம் கணக்கு எழுதுவது. ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள் என்றால், இப்போது தவிப்பு வரும் நேரங்களை எழுதுங்கள். எங்கள் டிரிப் ஷீட் போலவே ஒரு சின்ன நோட்டில் கோடு போட்டுக்கொண்டேன்: நேரம், இடம், பக்கத்தில் யார், அந்தச் சிகரெட் இல்லாமல் இருந்திருக்க முடியுமா. கடைசிக் கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுத வேண்டும். என் நோட்டில் முதல் வரி, காலை 4:20, வீட்டுப் பின்புறம், கழிவறைக்குப் போகும் முன். இரண்டாவது 5:10, டிப்போ வாசல் டீக்கடை, கண்டக்டருடன். அப்புறம் ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் ஒன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. நேரக் காப்பாளருடன் வாக்குவாதம் வந்தால் ஒன்று. இப்படி ஏழு நாள் எழுதிப் பார்த்ததில் ஓர் உண்மை தெரிந்தது. 14இல் ஐந்து மட்டுமே எனக்கு உண்மையில் கடினமானவை. மற்ற ஒன்பதும் சட்டைப் பையில் பாக்கெட் இருந்ததால் கை தானாகப் போய் எடுத்தவை. பாக்கெட் இல்லாமல் போனதும் அந்த ஒன்பதும் இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிட்டன. போராட வேண்டியிருந்தது ஐந்துடன் மட்டுமே. உங்களுக்கு மூன்றாக இருக்கலாம், எட்டாக இருக்கலாம். எண்ணிவிடுங்கள். எண்ணப்படாத எதிரி எப்போதும் பெரிதாகவே தெரிவான்.

அந்த ஐந்துக்கும் எதிரே, அந்த இடத்தில் நின்றபடியே செய்யக்கூடிய ஒரு வேலையை எழுதினேன். ‘மனத்தைக் கட்டுப்படுத்துவேன்’ என்றெல்லாம் எழுதக் கூடாது. கையாலும் வாயாலும் காலாலும் செய்யும் வேலையாக இருக்க வேண்டும். ‘என்ஜின் நின்றதும் தண்ணீர் பாட்டிலுடன் இடப்பக்கம் இறங்கி, பஸ்ஸைச் சுற்றி எல்லா டயரையும் தட்டிப் பார்த்துவிட்டு, டீக்கடைக்குப் போகாமல் நேரே நேரக் காப்பாளர் அறைக்குப் போவது.’ இப்படி. வாசிக்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கலாம். அந்த மூன்றாம் நாள் காலையில் என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு வரிதான். யோசிக்கும் நிலையில் அப்போது நான் இல்லை. யோசனையை முந்தின வாரமே முடித்து எழுதிவைத்திருந்தேன்.

இனி அந்தச் சில நிமிடங்களைப் பற்றி. தவிப்பு அலை மாதிரி வரும். ஏறும், ஒரு கட்டத்தில் உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். ஏறிக்கொண்டிருக்கும்போது, இது இறங்கவே இறங்காது, சிகரெட் பிடித்தால்தான் தீரும் என்று தோன்றும். அது பொய் என்பதை உங்கள் கண்ணாலேயே நீங்கள் பார்க்க வேண்டும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். பெரும்பாலும் மூன்று, நான்கு நிமிடம். என் நோட்டில் உள்ள மிக நீண்டது 9 நிமிடம். அது முதல் வாரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் வந்தது. நாளைக்கு 10 முறை வந்தாலும் மொத்தம் முக்கால் மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் நாம் சும்மா பயந்துகொண்டிருக்கிறோம்.

அந்த நிமிடங்களில் நான் செய்தது இது. முதலில் தண்ணீர். மடக்மடக்கென்று குடிக்காமல், ஒரு வாய் எடுத்துக் கொஞ்சம் வாயிலேயே வைத்திருந்து விழுங்குவது, பத்துப் பன்னிரண்டு வாய். அடுத்து மூச்சு. மூக்கால் மெதுவாக நான்கு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து எட்டு எண்ணும் வரை விட வேண்டும். சிகரெட் பிடிக்கும்போது நாம் செய்ததும் கிட்டத்தட்ட இதே மூச்சுதான். ‘சிகரெட் பிடித்தால் மனம் லேசாகிறது’ என்று இத்தனை காலம் நம்பியதில் ஒரு பங்கு இந்த நீண்ட மூச்சுக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம். புகை இல்லாமல் செய்து பாருங்கள். தோள் இறங்குவது தெரியும்.

மூன்றாவது, சட்டைப் பை. பாக்கெட் இருந்த இடம் வெறுமையாக இருந்தால் கை போய்ப் போய்த் தடவிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் ஒரு சின்னத் தகர டப்பா வைத்தேன். கிராம்பு, காய்ந்த நெல்லி, ஒரு துண்டு சுக்கு. கை போனால் டப்பா வரும், திறந்தால் கிராம்பு. ஒரு கிராம்பை முன்பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே வைத்துக்கொண்டால் லேசாக மரத்துப்போகும். காரம் மெல்ல இறங்கும். அந்த மரப்புதான் என் வாய்க்கு வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் நாலைந்து போட்டுக் கடித்தால் வாய் புண்ணாகிவிடும், ஒன்று போதும். மிட்டாய் பரவாயில்லை, சர்க்கரை நோய் இல்லையென்றால். ஆனால் பாக்குப் பக்கம் மட்டும் போகாதீர்கள். புகையை விட்ட எங்கள் ஊர்க்காரர்கள் பலர் வெற்றிலைபாக்குக்கும் பொட்டலப் பாக்குக்கும் மாறியதைப் பார்த்திருக்கிறேன். புகையிலை சேர்க்காத பாக்கே வாய்ப்புற்றை உண்டாக்கும். ஒரு வீட்டிலிருந்து தப்பி, எரிகிற பக்கத்து வீட்டுக்குள் ஓடுவது போன்றது அது.

முதல் மூன்று நாள் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் அங்கேதான் விழுகிறார்கள். இழுத்த புகையில் உள்ள நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. அதனால்தான் ஒன்று முடிந்த சிறிது நேரத்திலேயே அடுத்ததைக் கேட்கிறது. விட்ட பிறகு இரண்டாம், மூன்றாம் நாள் தவிப்பு உச்சத்தில் இருக்கும். எரிச்சல், தலைபாரம், தூக்கம் வராமை, எதிலும் கவனம் நிற்காமை, ஓயாத பசி எல்லாம் சேர்ந்து வரும். அதன் பிறகு மெல்ல இறங்கி, இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நான்காம் நாளைப் பார்த்தவனுக்கு மிகக் கடினமான பகுதி முடிந்துவிட்டது. இந்தக் கணக்கு தெரியாமல்தான் முன்பெல்லாம், ‘மூன்று நாளிலேயே இவ்வளவு என்றால் வாழ்நாள் முழுக்க எப்படி?’ என்று பயந்து போய்ப் பற்றவைத்திருக்கிறேன். முடிந்தால் அந்த மூன்று நாளும் விடுப்பு வருகிற மாதிரி தேதி குறியுங்கள். எனக்கு வார ஓய்வு நாள் ஒன்றுதான் கிடைத்தது. மற்ற இரண்டு நாளும் வண்டி ஓட்டினேன். ஓட்டும்போது சுலபமாகவே இருந்தது என்பதை முன்பே சொன்னேன்.

டீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் நம் ஊரில் புகையும் டீயும் இரட்டைப் பிள்ளைகள். கண்ணாடி டம்ளர் சூடு விரல்நுனியில் பட்டதும், இடக்கையில் இருக்க வேண்டிய சிகரெட் இல்லையே என்று உடம்பு தேட ஆரம்பித்துவிடும். நான் நாளைக்கு ஏழு டீ குடிப்பவன். புகையை விட்ட ஐந்தாம் நாள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கை நடுங்கியது. சிகரெட் இல்லாததால் வந்தது என்று நினைத்து, பிடித்துவிடலாம் என்று கடை வரை போய்விட்டேன். மருத்துவர் சொன்னபோதுதான் காரணம் புரிந்தது. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு, டீ காபியில் உள்ள காஃபீனை வேகமாகக் கரையச் செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடுகிறது. அதே ஏழு டீ குடித்தாலும் காஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்குகிறது. அந்தப் படபடப்பைப் புகையின் ஏக்கம் என்று நாம் தவறாக எடுத்துக்கொள்கிறோம். எனவே விட்ட நாளிலிருந்தே டீயைப் பாதியாக்குங்கள். நான் ஏழு டீயை நான்காக்கினேன், மதியம் மூன்று மணிக்கு மேல் சுக்குமல்லிக் காபி. இரண்டே நாளில் கை நடுக்கம் நின்றது.

குடிக்கும் விதத்தையும் மாற்றினேன். டிப்போ வாசல் கடையை இரண்டு மாதம் தொடவில்லை. கடைக்காரர் 12 வருடப் பழக்கம். அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டே போனேன். வேறு கடையில், நிற்காமல், பெஞ்சில் உட்கார்ந்து, டம்ளரை இடக்கையில் பிடித்துக் குடித்தேன். வலது கையில் செய்தித்தாள். முடித்ததும் உடனே எழுந்துவிடுவேன். டீ முடிந்த பின் சும்மா நிற்கும் அந்த இரண்டு நிமிடம்தான் ஆபத்தானது.

யாரும் பேசக் கூச்சப்படும் ஒரு விஷயம் உண்டு: காலைக்கடன். பற்றவைத்தால்தான் வயிறு கழியும் என்று எத்தனையோ ஆண்கள் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான். அதில் உண்மையும் இருக்கிறது. நிகோடின் குடலைத் தூண்டிவிடும். விட்டதும் சில வாரம் மலச்சிக்கல் வருவது இயல்பு. இது தெரியாமல் நான்காவது முயற்சியில் 11ஆம் நாள், இந்த ஒரு காரணத்துக்காகவே மறுபடி ஆரம்பித்தேன். ஐந்தாவது முறை முன்கூட்டியே ஏற்பாடு செய்தேன். இரவு இரண்டு வாழைப்பழம். ஊறவைத்த உலர்திராட்சையும் ஊறிய தண்ணீரும் காலையில் எழுந்ததும். பிறகு இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்து, வீட்டுக்குப் பின்னால் பத்து நிமிட நடை. மதியம் கீரை. பத்துப் பன்னிரண்டு நாளில் குடல் தன் வழிக்கு வந்துவிட்டது. வராவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். இதற்காக ஒருவன் திரும்பவும் புகைக்குள் போவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

கோபத்துக்கு வருகிறேன். ஆறாம் நாள், சாம்பாரில் உப்பு கூடியதற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் மகள் முகம் வெளிறிப்போனது. மனைவி திருப்பிச் சத்தம் போடவில்லை. “இது நீங்கள் பேசவில்லை, அந்தச் சனியன் பேசுகிறது. எழுந்து ஒரு நடை போய்விட்டு வாருங்கள், தட்டை மூடி வைக்கிறேன்” என்றாள். போய் வந்தேன். அவளுக்கு அது தெரிந்திருந்ததற்குக் காரணம், விடுவதற்கு முந்தின இரவே நான் அவளிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தது: மூன்று வாரம் நான் நானாக இருக்க மாட்டேன், பொறுத்துக்கொள், பதில் சொல்லாதே, வெளியே அனுப்பிவிடு என்று. வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நடை கோபத்துக்கும் நல்லது, தவிப்புக்கும் நல்லது. விறுவிறுவென்று கொஞ்ச நேரம் நடந்தாலே தவிப்பின் முனை மழுங்கிவிடும்.

நண்பர்களிடம் மறுப்பதற்கும் ஒரு வாசகம் தயாராக வேண்டும். “விடப் பார்க்கிறேன்” என்று சொன்னால், “ஒன்று பிடித்தால் என்ன அண்ணாச்சி?” என்று நீட்டுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர்; பாசத்தில் நீட்டுகிறார்கள். “நான் பிடிப்பதில்லை” என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் பேச்சு இல்லை. முதல் நாள் சொல்லும்போது எனக்கே அந்நியமாக இருந்தது. ஒரு மாதத்தில் அது உண்மையாகிவிட்டது. மதுவைப் பற்றி ஒரு வரி: குடிக்கும் பழக்கம் இருந்தால் முதல் இரண்டு மூன்று மாதம் அதையும் தள்ளி வையுங்கள். இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு எந்த நோட்டும் உதவாது.

என் பட்டியலில் ஒரு நிறுத்தம் யாருக்கும் எளிதில் புரியாது. அது என் அம்மா வீடு. முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். அம்மா 40 வருடம் பீடி சுற்றியவர். மடியில் தட்டு, தட்டில் அளவாக வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். பேசிக்கொண்டே சுற்றுவார்; விரல் மட்டும் தனியாக ஓடும். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன், என் தங்கைக்குத் திருமணம் நடந்தது. சுற்றுகிற பெண்களைக் குறை சொல்பவர்களுடன் நான் சண்டைக்கே போவேன். அந்தத் தூளின் நெடி அவர்கள் நுரையீரலிலும்தான் இறங்குகிறது. என் சிக்கல் வேறு: அந்த நெடிதான் எனக்குத் தாய் வீட்டு வாசனை. வாசலில் கால் வைத்ததும் தவிப்பு கிளம்பிவிடும். விட்ட பிறகு முதன்முதலாக ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுத்து, பழைய சேலைத் துணியால் நான்கு பக்கமும் சுருட்டி மூடி, உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அன்று பாதி நாள் கூலி போயிற்று. அதன் பிறகு நான் வருகிற நாளெல்லாம் அப்படித்தான். உங்கள் தவிப்புக்கும் இப்படி ஒரு வாசனை இருக்கலாம். அந்த வீட்டாரிடம் சொல்லுங்கள். சொன்னால் தட்டை மூடி வைக்க ஒருவர் இருப்பார்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘சிகரெட்டை விட்டுவிட்டேன், எப்போதாவது ஒரு பீடி மட்டும்’ என்பவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். பீடியில் புகையிலை குறைவாக இருக்கலாம். ஆனால் அது அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டும். தாரும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவாக உள்ளே போவதில்லை. என் சித்தப்பா மகன் பீடி மட்டுமே பிடித்தவன். 38 வயதில் கால் விரல்கள் கறுத்துப்போயின. பர்ஜர் நோய் என்றார்கள்; ரத்தக் குழாய் அடைத்துப்போவது. புகையை முழுக்க நிறுத்துவதைத் தவிர அந்த நோயைத் தடுத்து நிறுத்த வேறு வழியில்லை என்று மருத்துவர் சொன்னார். மூன்று விரலை எடுத்தபோது அவன் பக்கத்தில் நான் இருந்தேன். வெளியே வந்து சிகரெட் பற்றவைத்ததும் நான்தான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சறுக்கலையும் மறைக்காமல் சொல்கிறேன். விட்டு நான்கு மாதம் கழித்து, மே மாதம், பெரியப்பா இறந்துவிட்டார். துட்டி வீடு. இரவு முழுக்கப் பந்தலுக்கு அடியில் ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அழவும் முடியாமல், பேசவும் முடியாமல் இருக்கும்போது ஒரு கை பீடிக்கட்டை நீட்டியது. வாங்கிப் பற்றவைத்துவிட்டேன். முழுதாகப் பிடித்தேன். சுவை கசப்பாக இருந்தது, தலை சுற்றியது. துட்டி வீடு என் பட்டியலில் இல்லாத நிறுத்தம், அதனால்தான் பிடிபட்டேன். பிடித்ததைவிடப் பெரிய ஆபத்து, அடுத்து வந்த எண்ணம்: ‘போயிற்று. நான்கு மாதம் வீண். இனி என்ன?’ முன் நான்கு முறையும் என்னைத் தோற்கடித்தது அந்த எண்ணம்தான். இந்த முறை எழுந்துபோய் வாய் கொப்பளித்தேன். மனைவியைத் தனியாக அழைத்துச் சொன்னேன். மறுநாள் நோட்டில் எழுதினேன்: இரவு 1:30, துட்டி வீடு, பெரியப்பா மகன் பக்கத்தில். எதிரே, ‘அடுத்த முறை காபி போடும் இடத்தில் போய் நிற்பது, கிராம்பு டப்பாவைக் கையிலேயே வைத்திருப்பது.’ அடுத்த மூன்று நாள் தவிப்பு மறுபடி ஏறியது, தாங்கினேன், இறங்கியது. உங்களுக்கும் ஒருநாள் இது நடக்கலாம். நடந்தால், மிச்சம் கையில் இருப்பதை உடனே நனைத்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தைப் பட்டியலில் சேருங்கள். நான்கு மாதம் வீணாகவில்லை. ஒரே ஒரு பீடி பிடித்திருக்கிறீர்கள். அவ்வளவுதான் நடந்தது.

மருந்தைப் பற்றி. துணையில்லாமல் விடுவதுதான் ஆண்மை என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். நான் ஆறு வாரம் 2 மில்லிகிராம் பயன்படுத்தினேன். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேடுபவர்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மெல்லுவதில் ஒரு முறை இருக்கிறது. சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் நிகோடின் வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். மெதுவாக நாலைந்து முறை மென்று, மிளகு கடித்த மாதிரி ஒரு காரம் வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவிட வேண்டும். காரம் போனதும் மறுபடி மென்று, இடம் மாற்றி ஒதுக்க வேண்டும். ஒன்று அரை மணி நேரம் வரும். மெல்லுவதற்கு முந்தைய 15 நிமிடத்தில் டீ, காபி, சோடா வேண்டாம். நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. மனநல மருந்து, ஆஸ்துமாவுக்கான தியோபிலின் போன்றவை எடுப்பவர்கள் புகையை விடுவதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டி வரும், காஃபீன் கதையைப் போலத்தான்.

1800-11-2356 என்று ஓர் எண் இருக்கிறது. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். அந்தப் பயங்கரப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. அரசின் கட்டணமில்லாத உதவி எண், தமிழிலும் பேசலாம். நான் எட்டாம் நாள் தென்காசி பஸ் நிலையத்திலிருந்து அழைத்தேன். எதிர்முனையில் பேசியவர் அறிவுரை சொல்லவில்லை. எப்போது வருகிறது, அப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். என் நோட்டைப் படித்துக் காட்டினேன். பேசி முடிப்பதற்குள் அந்தத் தவிப்பு போயிருந்தது. சென்னையில் இருப்பவர்களுக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலையை நிறுத்த உதவும் மையம் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

எடை கூடும். எனக்கு நான்கு கிலோ கூடியது. முதல் மூன்று மாதம் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு போர் வேண்டாம்.

மாதங்கள் போன பின்னும் எப்போதாவது ஒரு தவிப்பு வரும். குற்றாலச் சாரல் காலத்தில், ஆலங்குளம் தாண்டி மேற்கே போகும்போது கண்ணாடியில் தூறல் விழுந்து, ஈரக் காற்று முகத்தில் பட்டதும் எனக்கு வரும். கனவிலும் வரும், கனவில் பிடித்துவிட்டு, எழுந்ததும் குற்றவாளி மாதிரி விரலை முகர்ந்து பார்த்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். இந்தத் தவிப்புக்குக் கடி கிடையாது. நாலு மூச்சு விடுவதற்குள் போய்விடும்.

என்னுடன் இப்போது வரும் கண்டக்டருக்கு 31 வயது. போன வாரம் தென்காசியில் என்ஜினை அணைத்ததும் பின்னாலிருந்து வந்தார். முகம் வாடியிருந்தது. “அண்ணாச்சி, அந்தக் கிராம்பு ஒன்று கொடுங்கள். இன்றைக்கு மூன்றாம் நாள்” என்றார். நான் டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒன்றை எடுத்து உதட்டுக்குள் வைத்துக்கொண்டு, வாட்ச்சைத் திருப்பி நேரம் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசாமல் படியில் உட்கார்ந்திருந்தோம். எதிர்க் கடையில் யாரோ கயிற்றை ஊதிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் டிக்கெட் பையிலிருந்து பேனாவை எடுத்து, பழைய டிரிப் ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார்: ‘11:25, தென்காசி, நான்கு நிமிடம்.’